கரும்பலகையிலிருந்து கட்டிலருகே

ஒருவன் ஒரு தொழிலிலே பிறப்பான், அத்தொழிலிலேயே வளர்வான், அதிலேயே மடிவான். அவன் மகனும் அவ்வாறே. இதுதான் வருணாசிரமம் வகுத்துக் கொடுத்த வாழ்க்கைக் கணக்கு. அந்தக் கணக்கை மேடையிலே கிழித்தோம், ஏட்டிலே எரித்தோம், சட்டத்திலே அடித்துத் திருத்தினோம். ஆயினும் உள்ளத்தின் மூலையொன்றிலே அது இன்னும் பாய் விரித்துப் படுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஐயமிருப்போர் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். இரவு உணவின்போது, வீட்டார் எல்லாரும் கூடியிருக்கும் வேளையிலே, "ஆசிரியர் வேலையை விட்டுவிடப் போகிறேன், செவிலியர் படிப்பிலே சேரப் போகிறேன்" என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். சோறு பிசைந்த கை நிற்கும். தாயின் கண் தந்தையை நோக்கும். தந்தையின் கண் சுவரை நோக்கும். பிறகு தொடங்கும் வழக்கு!

"தொழிலை மாற்றுவதே தவறு என்கிறார்களோ?" எனக் கேட்கலாம். இல்லை. பொறியாளர் ஒருவர் பொறியியலை உதறிவிட்டு ஆட்சிப் பணித் தேர்வு எழுதினால் மாலை போடுகிறார்கள். மருத்துவர் ஒருவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டமன்றத்துக்குப் போனால் வரவேற்பு வளைவு கட்டுகிறார்கள். ஆசிரியர் வட்டாட்சியரானால் ஊரே மகிழ்கிறது. ஆக, மாற்றம் அவர்களுக்குப் பகையன்று. மாற்றத்தின் திசைதான் பகை. ஏறினால் முன்னேற்றமாம், இறங்கினால் இழிவாம். கரும்பலகை மேலே இருக்கிறதாம். நோயாளியின் கட்டில் கீழே கிடக்கிறதாம். இந்த ஏணியை நட்டவர் யார்? படிகளை எண்ணியவர் யார்? இதைக் கேட்காமல் நாம் பகுத்தறிவு பேசி என்ன பயன்?

நட்டவரைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. மனு என்னும் பெயரால் வழங்கும் நூலைப் புரட்டினால் போதும். மருத்துவன் கொடுக்கும் உணவு சீழுக்கு ஒப்பானது என்று அந்நூல் கூறுகிறது. நீத்தார் கடன் நடக்கும் இடத்திலே மருத்துவனை அழைக்கலாகாது என்றும் விலக்குகிறது. உயிர் காத்தவனுக்கு இந்த மரியாதை! காரணம் வெளிப்படையானது. அவன் பிறர் உடலைத் தொடுகிறான், புண்ணைத் தொடுகிறான், குருதியைத் தொடுகிறான். தொட்டவன் தீட்டானான். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலே பிள்ளைப்பேறு பார்த்தவள் யார்? மருத்துவச்சி. முடிதிருத்தும் குலத்துப் பெண். இந்த உலகத்தின் காற்றை முதன்முதல் நுகர்ந்த குழந்தையை ஏந்திய முதற்கை அவளுடைய கை. அக்குழந்தை வளர்ந்து பெரிய மனிதனானதும் அவளை எங்கே நிற்க வைத்தது? கொல்லைப்புறத்தில்! பேறு பார்க்க மட்டும் உள்ளே வா, பின்னர் புறக்கடை வழியாகப் போ என்ற ஒழுங்கைத்தான் நம் பாட்டன்மார் நாகரிகம் என்றனர்.

இதன் விளைவை ஓர் அரசாங்க அறிக்கை எண்ணிக் காட்டியிருக்கிறது. 1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை தந்த போர் குழு, அன்றைய இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு மருத்துவர் என்றும், 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்றும் கணக்கிட்டது. ஊன்றிப் பாருங்கள். மருத்துவரே போதாத நாட்டில், ஒரு செவிலியருக்கு ஏறத்தாழ ஏழு மருத்துவர்! வளர்ந்த நாடுகளிலெல்லாம் மருத்துவரைவிடச் செவிலியரே மிகுதி, இங்கோ தலைகீழ். மருந்து எழுதிக் கொடுக்கும் பெருமையை விரும்பி வந்தவர் பலர். அந்த மருந்தை வாயிலே ஊற்றி, வாந்தியைத் துடைத்து, விடியும்வரை விழித்திருக்க முன்வந்தவர் சிலர். அந்தச் சிலரிலும் பெரும்பாலோர் கிறித்தவப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களுமே. மற்றவர்களைத் தடுத்தது அறிவின்மையன்று, தீட்டு.

தமிழர் மரபு முழுவதும் இப்படித்தானா என்றால், இல்லை என்பதற்குச் சான்றுண்டு. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் கடைசிக் குறள், 950ஆவது, மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து செயற்படுபவன். அந்த நான்காமவனுக்கு வள்ளுவர் வைத்த பெயர் உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருப்பவன் என்று நாம் பொருள் கொள்வோம். மருத்துவனுக்குப் பின்னால் கைகட்டி நிற்கும் ஏவலாளாக அவனைப் பாட்டாசான் வைக்கவில்லை. நான்கு தூண்களில் ஒரு தூணாக வைத்தார். ஒரு தூண் சாய்ந்தாலும் கூரை நில்லாது. (இச்சொல் ஆண்பாலில் அமைந்திருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னர் அதற்கு வருவோம்.)

இன்னொரு சான்று எங்கள் ஊருக்கு மேலேயே படுத்திருக்கிறது. மதுரைக்கு மேற்கே, தேனி நெடுஞ்சாலையில் அமைந்த நாகமலை புதுக்கோட்டையிலே இருப்போருக்கு நாகமலை புதுக்காட்சியன்று. நாள்தோறும் கண் விழித்தால் தெரிவது. இந்த மலைக்குப் புராணக்காரன் ஒரு கதை கட்டினான். சமணர்கள் வேள்வி செய்து மதுரையை அழிக்க ஒரு பெரும் பாம்பை ஏவினராம். அம்பு பட்டு அது வீழ்ந்து மலையாயிற்றாம். திருவிளையாடற் புராணத்தில் அதற்கொரு படலமே உண்டு. கல்லோ வேறு கதை சொல்லுகிறது. அருகிலுள்ள கீழக்குயில்குடிச் சமணர் மலையிலே ஏறிச் சென்றால் அவர்கள் செதுக்கிய உருவங்களைக் காணலாம், கல்வெட்டுகளைக் காணலாம். பாம்பை மட்டும் காண முடியாது. அந்தச் சமணர் சிறப்பாகப் போற்றிய கொடைகள் நான்கு: உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி. மருந்தும் கல்வியும் ஒரே வரிசையில், உயர்வு தாழ்வின்றி. அவர்கள் தங்கிய இடம் பள்ளி எனப்பட்டது. பள்ளி என்ற சொல்லுக்குப் படுக்கை என்றும் பொருள். கல்விச்சாலை என்றும் பொருள். நம் மொழி ஒரு சொல்லுக்குள் வைத்திருந்த இரண்டையும் நாம் ஏணி வைத்துப் பிரித்துவிட்டோம்.

நியாயமாகப் பேச வேண்டும். இந்நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவையும் பிடித்திருந்தது. இங்கிலாந்தில் 1865இல் பிறந்த ஈடித் கேவல், முதலில் வீட்டாசிரியை. பெல்ஜியத் தலைநகர் பிரசல்சில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1890 முதல் 1895 வரை பாடம் சொல்லிக் கொடுத்தார். தந்தை நோயுற்றார், ஊர் திரும்பிப் பணிவிடை செய்தார். மறு ஆண்டு, முப்பது வயதுக்கு மேல், இலண்டன் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சியிலே சேர்ந்தார். 1907இல் பிரசல்சுக்கே திரும்பினார், இம்முறை செவிலியர் பள்ளியின் தலைவியாக. அங்கே என்ன கண்டார்? நல்ல குடும்பத்துப் பெண் நோயாளிக்குப் பணி செய்து பிழைப்பதா என்று மூக்கைச் சுளித்த நடுத்தர வகுப்பைக் கண்டார். பெல்ஜிய அரசிக்குக் கை முறிந்து, அப்பள்ளியிலிருந்து ஒரு செவிலியரை அழைத்துக்கொண்ட பிறகுதான் அந்த மூக்குகள் நேராயின என்பர். அரசியின் எலும்பு முறிய வேண்டியிருந்தது, அறிவு பிறக்க! 1914இல் போர் மூண்டது. காயமுற்ற வீரர்களை எந்நாட்டார் என்று பாராமல் பேணினார். பகைவர் பிடிக்குள் அகப்பட்ட ஏறத்தாழ இருநூறு படைவீரர் தப்பிச் செல்லத் துணை நின்றார். 1915 அக்டோபர் 12ஆம் நாள் செருமானியப் படை அவரைச் சுட்டுக் கொன்றது. இரண்டாம் தொழிலில் இறங்கி வந்தவர் என்று இவரை எவரேனும் சொல்லத் துணிவாரா?

நம் நாட்டுக்கு வருவோம். சாவித்திரிபாய் பூலேயை ஆசிரியையாக அறிவோம். 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார். பாடம் நடத்தப் போகும் வழியிலே சாணியும் சேறும் வீசப்பட்டன. இவையெல்லாம் நம் கூட்டங்களிலே அடிக்கடி பேசப்படுபவை. அவர் எப்படி இறந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1897இல் புனேயைக் கொள்ளை நோய் சூறையாடியது. அறுபத்தாறு வயது மூதாட்டி, மருத்துவரான வளர்ப்பு மகனோடு சேர்ந்து ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கு இடம் அமைத்தார். தீண்டப்படாதவர் எனப்பட்டோர் குடியிருப்பிலே நோயுற்றுக் கிடந்த ஒரு சிறுவனைத் தம் முதுகிலே சுமந்து கொண்டுவந்தார். அந்நோய் அவரையும் பற்றியது. மார்ச்சு 10ஆம் நாள் மறைந்தார். ஐம்பதாண்டுக் கல்விப் பணியின் கடைசிப் பாடம் அந்த முதுகிலே எழுதப்பட்டது. அவரிடம் சான்றிதழ் இல்லை, பதிவெண் இல்லை. ஆனால் எழுத்து கற்பிப்பதும் நோயாளியைத் தூக்குவதும் வெவ்வேறு வேலைகள் என்று அவர் எண்ணவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எளிய பகுதி. தீட்டை எதிர்ப்பது நமக்குப் பழகிய போர். கடினமான பகுதி இனிமேல்தான்.

நமக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர். கலைப் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்றவர், இருபத்தொன்பது வயது, ஒரு குழந்தைக்குத் தாய். பக்கவாதத்தில் விழுந்த தந்தையோடு பல வாரங்கள் மருத்துவமனைத் தாழ்வாரத்திலே கிடந்தார். அங்கே இரவுப் பணிக்கு வந்த செவிலியர் ஒருவர், இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதைக் கண்டார். ஏன் என்று கேட்டார். ஒரே பக்கம் படுத்தால் எலும்பு அழுத்தும் இடத்திலே குருதி ஓட்டம் நின்று தோல் அழுகும் என்று விடை வந்தது. இந்த ஒரு செய்தி தெரியாததால் எத்தனை வீடுகளில் எத்தனை கிழவர்கள் முதுகு அழுகிச் செத்தார்கள் என்று நம் தோழி எண்ணத் தொடங்கினார். அந்த எண்ணம் அவரை விடவில்லை. இப்போது அவர் செவிலியராக வேண்டும் என்கிறார். உறவினர் கூறிய மறுப்புகளை நாம் கேட்டோம். "டீச்சர் வேலைய விட்டுட்டு மலச்சட்டி தூக்கப் போறியாக்கும்?" என்றார் ஒரு பெரியம்மா. அதற்கு விடை மேலேயே சொல்லிவிட்டோம். "இராத்திரி வேலைக்குப் போற பொம்பளைய ஊரு என்ன பேசும்?" என்றார் இன்னொருவர். இராத்திரியில் நெஞ்சு வலி வந்தால் அந்த ஊர் எங்கே ஓடும் என்று திருப்பிக் கேட்டாலே போதும்.

ஆனால் அவருடன் பணியாற்றும் முதிய ஆசிரியர் ஒருவர் கேட்ட கேள்வி வேறு வகையானது. "உன் வகுப்பிலே நாற்பது பிள்ளைகள். பத்து ஆண்டு இருந்தால் நானூறு பிள்ளைகள். ஒரு பிள்ளையைத் திருத்தினால் ஒரு குடும்பம் திருந்தும், ஒரு தலைமுறை திருந்தும். அங்கே போனால் என்ன செய்வாய்? சாகப் போகிறவனை இரண்டு நாள் தள்ளிச் சாக வைப்பாய். எது பெரிய பணி?" இதிலே சாதி இல்லை, தீட்டு இல்லை. இதற்கு விடை சொல்லாமல் நாம் நகர்ந்தால் அது நேர்மையாகாது.

ஆசிரியப் பணி எதிர்காலத்தை நம்பி நடப்பது. இன்று விதைக்கிறோம், நாளை முளைக்கும் என்று எண்ணுகிறோம். கடனுக்கு வட்டி எதிர்பார்ப்பது போல் வளர்ச்சியை எதிர்பார்க்கிறோம். வட்டி வருமிடத்தில் முதல் போடுவது எளிது. வராத இடத்தில்? 1973 நவம்பரில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையிலே, அங்கேயே பணியாற்றிய அருணா சான்பாக் என்னும் செவிலியர் கொடுந்தாக்குதலுக்கு ஆளாகி மூளை சிதைந்தார். அதன்பின் எழவில்லை, பேசவில்லை, 2015 மே திங்களில் இறக்கும்வரை நாற்பத்திரண்டு ஆண்டுகள் அக்கட்டிலிலேயே கிடந்தார். அவரைப் பேணியவர்கள் அம்மருத்துவமனைச் செவிலியர். அவரோடு வேலை செய்தவர்கள் ஓய்வு பெற்றார்கள், அவர் பேசி நடந்து பார்த்திராத புதியவர்கள் வந்தார்கள், பேணல் நிற்கவில்லை. கருணைக் கொலை கோரும் மனு உச்ச நீதிமன்றம் சென்றபோது, 2011இல் நீதிமன்றம் அச்செவிலியரின் பேணலை வியந்து பாராட்டி, அவர்கள் விருப்பத்துக்கு மதிப்பளித்து மனுவை மறுத்தது. கருணைக் கொலை சரியா தவறா என்ற வழக்குக்குள் நாம் இங்கே புகவில்லை. அது தனியே பேசத்தக்கது. நாம் கேட்பது ஒன்றே: அந்த நாற்பத்திரண்டு ஆண்டு உழைப்பிலே என்ன முளைத்தது? எந்தத் தலைமுறை திருந்தியது? முதிய ஆசிரியரின் கணக்கேட்டில் அதற்கு ஒரு வரி கூட இல்லை.

அவருடைய கணக்கு தவறு என்று நாம் சொல்லவில்லை. முழுக் கணக்கு அன்று என்கிறோம். மனிதனை அவன் ஆகப்போகும் பொருளுக்காக மட்டும் மதிப்பது ஒரு வகை மதிப்பு. குழந்தையிடம் அது பொருந்தும். ஆனால் அந்த ஒரு மதிப்பை மட்டும் வைத்துக்கொண்டால், இனி ஒன்றுமே ஆகப்போகாதவனை என்ன செய்வது? மறுமையை நம்புபவன் எளிதாகத் தப்பித்துக்கொள்வான்: "இவனுக்கு மோட்சம் உண்டு, எனக்குப் புண்ணியம் உண்டு" என்பான். மறுமை இல்லை என்று சொல்லும் நமக்கு அந்தப் புறக்கடை வழி இல்லை. இவ்வுலகம் ஒன்றே, இவ்வுடல் ஒன்றே, இம்மனிதனுக்கு மிஞ்சியிருப்பது இந்த இரண்டு நாளே. அப்படியானால் அந்த இரண்டு நாளின் விலை ஏறுகிறதா இறங்குகிறதா? ஏறுகிறது என்பதே நம் முடிவு. அழுகாத முதுகோடு, நனையாத துணியோடு, ஒருவர் கை பற்றியிருக்க அவன் இறப்பது, பின்னால் வரும் எதற்கும் முன்பணமாக அன்றி, தன்னளவிலேயே மதிப்புடையது. பகுத்தறிவாளன் தன் அறநெறியை எங்கே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், மேடையைவிட நோயாளியின் கட்டிலருகே என்போம்.

ஆகையால் எல்லா ஆசிரியரும் செவிலியராக வேண்டுமா? வேண்டாம். பிள்ளைகளைத் தவிக்க விட்டுப் பாதி ஆண்டிலே போவது அறமாகாது; ஆண்டுத் தேர்வு முடித்து, அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதே முறை. ஆனால் ஒரு வாக்கை ஒருமுறை கொடுத்ததால் வாழ்நாள் முழுதும் அதற்கு அடிமை என்பது குலத்தொழில் கோட்பாட்டின் மறுபிறப்பு. (மறுபிறப்பை நம்பாத நாம் இந்த ஒன்றை மட்டும் நம்ப வேண்டியிருக்கிறது!) மேலும், ஆசிரியப் பயிற்சி முடித்துத் தகுதித் தேர்விலும் தேறி வேலைக்குக் காத்திருப்போர் இந்நாட்டிலே ஏராளம். செவிலியரோ, உலகெங்கும் 2018ஆம் ஆண்டுக் கணக்குப்படி 59 இலட்சம் பேர் குறைவு என்றது உலக சுகாதார நிறுவனம். ஒரு நாற்காலிக்குப் பலர், ஒரு கட்டிலுக்கு எவருமில்லை என்றால் எங்கே போக வேண்டும் என்பதற்கு அறநூல் வேண்டுமா?

இனி, இத்தொழிலை இகழ்வோரினும் ஆபத்தானவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் இத்தொழிலைப் புகழ்வோர்! செவிலியர் தெய்வம், செவிலியர் தேவதை, வெள்ளுடையில் வந்த தாய் என்பார்கள். 2020 மே 3ஆம் நாள், கொரோனாப் பெருந்தொற்றின்போது, படைத்துறை வானூர்திகள் மருத்துவமனைகளின்மேல் மலர் தூவின. புராணத்திலே தேவர்கள் பூமாரி பொழிவார்களே, அதே காட்சி. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், ஏப்பிரல் 19ஆம் நாள், நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்துத் தொற்று வாங்கி மாண்ட மருத்துவர் சைமன் எர்குலசின் உடலைப் புதைக்க விடாமல் சென்னையிலே ஒரு கூட்டம் கல்லெறிந்தது. வானத்திலே பூ, தரையிலே கல்! தீட்டு மனம் சாகவில்லை, முகமூடி மட்டும் அணிந்திருந்தது. அதே பெருந்தொற்றுக் காலத்தில் ஒப்பந்தத்தில் தமிழ்நாட்டு அரசு சேர்த்த செவிலியர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிக்கப்பட்டது. அதற்கும் முன்னே, 2015 முதல் தேர்வு வாரியத்தின் வழியே தேர்வு எழுதி அரசு மருத்துவமனைகளில் சேர்ந்த செவிலியருக்குத் தொகுப்பூதியம் திங்களுக்கு 7,700 ரூபாய். இரண்டாண்டில் நிலைப்படுத்துவோம் என்ற சொல்லை நம்பி வந்தவர்கள், 2017 நவம்பர் இறுதியில் சென்னையில் ஆயிரக்கணக்கில் அமர்ந்து போராட வேண்டி வந்தது. "தேவதைகள் கூலி கேட்கலாமா?" என்றொரு கூட்டம் முணுமுணுத்தது. பார்த்தீர்களா, தெய்வமாக்குவதன் சூட்சுமத்தை? கல்லுக்குப் படைத்தால் கல் உண்ணாது. படைத்தவனே எடுத்து உண்ணலாம். செவிலியரைத் தெய்வமாக்கினால் அவர்கள் பசியையும் அவ்வாறே மறந்துவிடலாம்.

இதே வழக்கு இங்கிலாந்திலும் ஒருமுறை நடந்தது. 1860இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி கண்ட புளோரன்சு நைட்டிங்கேல் அம்மையார், செவிலியரைத் தேர்வு வைத்துப் பதிவேட்டில் சேர்க்கும் திட்டத்தை எதிர்த்தார். நல்ல உள்ளத்தைத் தேர்வு அளக்காது என்பது அவர் எண்ணம். எத்தல் பெட்போர்டு பென்விக் என்னும் மற்றொரு செவிலியத் தலைவி, பதிவு வேண்டும், படிப்புக்குக் காலவரை வேண்டும், அப்போதுதான் இது தொழில் என்று பல்லாண்டு போராடினார். 1901இல் நியூசிலாந்து செவிலியர் பதிவுக்குச் சட்டம் செய்து வழி காட்டியது. இங்கிலாந்து 1919இல் பின்பற்றியது. நைட்டிங்கேல் அம்மையார் மீது நமக்கு அளவிலா மதிப்புண்டு. ஆனால் இவ்வழக்கில் நாம் பென்விக் பக்கம். உள்ளத்தை அளக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் ஊசி மருந்தின் அளவை அளக்கலாமே! எத்தனை மில்லி போட வேண்டும் என்பதை அன்பு சொல்லித் தராது. படிப்பே சொல்லித் தரும். மருத்துவக் கல்லூரியில் சேரச் சமற்கிருதம் வேண்டும் என்ற தடையை நீக்கியவர் பனகல் அரசர் என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். அவர் முதலமைச்சராக இருந்த காலத்திலேதான், 1926இல், சென்னை மாகாணச் செவிலியர் மருத்துவச்சியர் சட்டம் பிறந்தது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். கொல்லைப்புறத்திலே நின்ற மருத்துவச்சியின் தொழில், அரசாங்கப் பதிவேட்டிலே ஏறிய ஆண்டு அது.

"பணத்துக்காகப் போகிறவர்களும் இருக்கிறார்களே!" என்பது அடுத்த குற்றச்சாட்டு. இருக்கிறார்கள். பிலிப்பீன்சு நாட்டில் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே மருத்துவர்களே செவிலியர் படிப்பு படித்து அமெரிக்காவுக்குப் போனார்கள், ஊதியத்துக்காக. 2014இல் ஈராக்கின் திக்ரித் நகரிலே போருக்கு நடுவே சிக்கி, சூலைத் திங்களில் மீண்டு வந்த 46 இந்தியச் செவிலியருள் பெரும்பாலோர் கேரளத்தவர். படிப்புக்கு வாங்கிய கடனை அடைக்கப் போனவர்கள் பலர். திரும்பி வந்த பின்னும் கடன் திரும்பவில்லை. இவர்களைப் பேராசைக்காரர் என்று சொல்ல எவருக்கு நாக்கு நீளும்? ஆசிரியர் மாத முதல் நாளில் ஊதியம் வாங்கினால் அது உரிமை. செவிலியர் வாங்கினால் அது ஆசையா? நம் தோழியும், எதிர்காலத்தில் நல்ல ஊதியம் கிடைக்குமா என்று கணக்குப் போட்டுத்தான் பார்க்கிறார். பார்க்கட்டும். கணக்குப் பார்க்காமல் பாய்பவர்தான் நடுவிலே திரும்புவார்.

வழி திறந்திருக்கிறதா என்றால், பாதி திறந்திருக்கிறது. நான்காண்டு இளநிலைச் செவிலியர் பட்டத்துக்கு மேனிலைப் பள்ளியிலே இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். பதினேழு வயதில் வரலாறு படித்தவருக்கு அக்கதவு மூடியே கிடக்கும். ஆனால் மூன்றாண்டுச் செவிலியர் பட்டயப் படிப்பிலே கலைப்பிரிவாருக்கும் இடமுண்டு; முடித்துப் பதிவு பெற்றபின் இரண்டாண்டு மேற்படிப்பால் பட்டத்தையும் எட்டலாம். வயது வரம்பு 35 என்பது இந்தியச் செவிலியர் குழுமத்தின் விதி. நம் தோழிக்கு இன்னும் ஆறாண்டு இருக்கிறது. முப்பத்தாறு வயதுப் பெண், பிள்ளைகளை வளர்த்து முடித்து, உலகறிந்து, உறுதியோடு வந்து நின்றால் ஏன் திருப்பியனுப்ப வேண்டும்? வயது முதிர்ந்தவரின் பொறுமை மருத்துவமனைக்கு வேண்டாத சரக்கா? மதுரைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, வாத நோயால் விரல்கள் கோணிய நிலையிலே, 58ஆம் வயதில், 1976இல், பதினொரு கட்டில்களோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் மருத்துவர் கோ. வெங்கடசாமி. ஊர்ப்புறத்துப் பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி கொடுத்துக் கண் மருத்துவத் துணைவராக்கியதும் அந்நிறுவனமே. அறுபதை நெருங்கும் ஆண் புதிதாகத் தொடங்கினால் சாதனை, முப்பத்தாறு வயதுப் பெண் தொடங்கினால் காலம் கடந்துவிட்டதா?

ஆசிரியையாக இருந்தது அவருக்குச் சுமையா, முதலா என்பதையும் பாருங்கள். சர்க்கரை நோய்க்கு ஊசி எப்படிப் போட்டுக்கொள்வது என்று உசிலம்பட்டிப் பக்கத்துக் கிழவி ஒருத்திக்குச் சொல்லிக் கொடுப்பது யார் வேலை? மருத்துவருக்கு நேரமில்லை, அச்சடித்த தாளை அவளால் படிக்க முடியாது. மூன்று முறை சொல்லி, நான்காம் முறையும் சலிக்காமல் சொல்லி, "இப்போது நீங்கள் செய்து காட்டுங்கள்" என்று கேட்கத் தெரிந்தவர்தான் அங்கே வேண்டும். அந்தக் கலையை வகுப்பறையிலே பயின்றவர் கட்டிலருகே கொண்டு போனால், பள்ளிக்கூடம் ஒன்றை உடன் கொண்டு போனதற்குச் சமம்.

உழைச்செல்வான் என்ற சொல் ஆண்பால் என்றோமே, அதற்கு வருவோம். இந்த ஏட்டைப் படிக்கும் இளைஞர்களே, இத்தொழிலை ஏன் முழுவதும் பெண்கள் தலையிலே கட்டினோம்? செவிலித்தாய் என்று இலக்கியம் சொன்னது, ஆகவே பெண்ணே செய்க என்பீர்களானால், வள்ளுவர் சொல்லை நாம் உங்கள் முன் வைக்கிறோம். ஆண் செவிலியர் இருக்கிறார்கள், மிகச் சிலர். நம்மில் எத்தனை பேர் பெற்ற தந்தையின் மலத்தைத் துடைத்திருக்கிறோம்? தங்கை துடைத்தாள், மனைவி துடைத்தாள். நாம் வெளியே நின்று மருத்துவரோடு உலக அரசியல் பேசினோம்.

நம் தோழியின் கணவர் நல்லவர், கூட்டங்களுக்கு வருபவர், பெண்ணுரிமை பற்றி நன்றாகவே பேசுவார். மனைவி படிக்கத் தடையில்லை என்று சொல்லியும் விட்டார். அவர் எழுப்பிய ஐயம் ஒன்றே ஒன்று: மூன்றாண்டு விடுதியும் இரவுப் பணியுமாகப் போனால், பிள்ளைக்கு விடியற்காலையிலே சோறு வடிப்பது யார், தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவது யார்? விண்ணப்பத் தாள் வந்துவிட்டது. அலமாரியின் மேல்தட்டிலே இருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை நாம் போனபோது, அவர் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். இரட்டைச் சடை, ஒன்று காதுக்கு மேலே, மற்றொன்று தோளுக்குக் கீழே. பிள்ளை கண்ணாடியைப் பார்த்துவிட்டு, அவிழ்த்து மறுபடியும் பின்னச் சொன்னாள். அவர் அவிழ்த்தார்.